கேள்வி கேட்கச் சபை இல்லாத ஆண்டுகள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

மாரி தொடங்கினால் கரவெட்டி, நெல்லியடி, உடுப்பிட்டிப் பக்கத்துப் படங்கள் முகநூலில் வரிசையாக வரும். வெள்ளம் நிற்கிற ஒழுங்கை, அடைபட்ட மதகு, எரியாத தெருவிளக்கு. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே கேள்வி: "பிரதேச சபை என்ன செய்யுது?"

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வி சபைக்குள்ளே போனதா, எந்த உறுப்பினர் கேட்டார், என்ன பதில் வந்தது என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் மௌனம். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் பிரதேச சபையின் பணிகளைக் கேளுங்கள், வரிசையாகச் சொல்வார்கள். உங்கள் வட்டார உறுப்பினர் யார் என்று கேளுங்கள், ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அது பிள்ளைகளின் குற்றமில்லை. வீட்டில் அந்தப் பெயர் பேசப்படுவதில்லை. ஏன் பேசப்படுவதில்லை என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. வரலாறு படிப்பிக்கிறவன் என்ற முறையில் அதைத்தான் எழுத வந்தேன்.

வி.சி. காலம்

பிரித்தானிய ஆட்சியில் 1871 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கிராமச் சங்கங்களுக்கு வழி திறந்தது. கிராமத்துப் பாதை, கிணறு, குளம், வேலி எல்லை போன்றவற்றை ஊரே பார்த்துக்கொள்ளட்டும் என்பது எண்ணம். ஆனால் தலைமை நெடுங்காலம் அரசாங்க உத்தியோகத்தர் கையில் இருந்தது. வாக்கும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. நாட்டுக்குச் சர்வஜன வாக்குரிமை 1931 இல் வந்தது. கிராமச் சங்கத்துக்கு அது வந்துசேர 1938 இன் திருத்தச் சட்டம் தேவைப்பட்டது.

அதன் பிறகு வந்ததுதான் நம் மூத்தவர்கள் 'வி.சி.' என்று சொல்லும் காலம். உறுப்பினர் நாலு வேலி தள்ளி இருந்தார். கோயிலிலோ சந்தையிலோ தேநீர்க் கடையிலோ அவரைப் பிடிக்கலாம். "எங்கடை ஒழுங்கைக்குக் கல்லுப் போடுறது எப்ப?" என்று நேரே கேட்கலாம். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு அவர் அதே படலைக்கு வரத்தான் வேண்டும்.

ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலம் ஆக்கவும் கூடாது. கேட்பது எல்லோருக்கும் சமமாக இருக்கவில்லை. பொதுக் கிணறு என்று பெயர் இருந்தும் எல்லோரும் அள்ள முடியாத கிணறுகள் குடாநாட்டில் இருந்தன. மயானத்திலும் அதே பாகுபாடு. 1944 இல் யாழ்ப்பாணம் வில்லூன்றி மயானத்தில் பிரேதம் எரிக்கும் உரிமைக்காக நின்றபோது முதலி சின்னத்தம்பி சுட்டுக் கொல்லப்பட்டார். கிணறு, மயானம், பாதை எல்லாம் உள்ளூராட்சி விடயங்கள். 'இது யாருக்கான சேவை?' என்று கேட்டதற்கு ஒரு மனிதர் உயிரைக் கொடுத்திருக்கிறார். வாக்கு எல்லோருக்கும் கிடைத்த பிறகும், கேள்வி எல்லோருக்கும் கிடைக்கப் பல வருடப் போராட்டம் தேவைப்பட்டது.

வடமராட்சி அந்தப் போராட்டத்தில் பின்னால் நிற்கவில்லை. 1956 இல் பருத்தித்துறைத் தொகுதி, கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவை நாடாளுமன்றம் அனுப்பியது. மு. சிவசிதம்பரமும் பேராசிரியர் கா. சிவத்தம்பியும் கரவெட்டி மண் தந்தவர்கள். கேள்வி கேட்பதற்குப் பஞ்சமில்லாத ஊர் இது.

ஊரவரின் முயற்சி சபையின் சேவையாக மாறியதற்கு நல்ல உதாரணம் யாழ் பொது நூலகம். 1933 இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய வாசிப்பு முயற்சி, 1934 இல் ஊர்ப் பெரியவர்கள் கூடிய குழுவாகி, 1935 ஜனவரியில் யாழ் நகர சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் மாநகர சபை அதைப் பெரிய கட்டடமாக்கி 1959 இல் திறந்தது. ஒரு வீட்டு அறையில் தொடங்கியது சபையின் வரவு செலவில் ஏறி, ஆசியாவே பேசும் நூலகமானது. அந்த மாநகர சபைக்கு 1950களில் எம். எம். சுல்தான் என்ற முஸ்லிம் முதல்வராகவும் இருந்தார். சபை என்பது எல்லோரும் அமர்ந்து கேட்ட இடம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கதிரை வெறுமையானது

1981 ஜூலை முதலாம் திகதி நாடு முழுவதும் 83 பட்டின சபைகளும் 549 கிராம சபைகளும் ஒரே நாளில் இல்லாமல் போயின. மாவட்ட அபிவிருத்தி சபைகள் அவற்றின் இடத்துக்கு வந்தன. நாலு வேலி தள்ளி இருந்த உறுப்பினர் போய், மாவட்டத்துக்கு ஒரு சபை மிஞ்சியது. யாழ்ப்பாணத்தில் அந்தச் சபைக்கான தேர்தல் 1981 ஜூன் 4 இல் நடந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் நூலகம் எரிக்கப்பட்டது. 1983 மே மாதத்தில் மாநகர, நகர சபைகளுக்கு நடந்த தேர்தல் பகிஷ்கரிப்பில் முடிந்தது. கிராமங்களுக்கு அதுகூட இல்லை.

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் 1988 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பாதைகள், மக்களின் வசதியும் நலனும் என்று சபையின் கடமைகளை அந்தச் சட்டம் எழுதி வைத்தது. நல்ல சட்டம். ஆனால் அது எழுதப்பட்ட 1987 இல் வடமராட்சி எப்படி இருந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மே மாதம் 'ஒப்பரேஷன் லிபரேஷன்', ஜூலையில் நெல்லியடி மத்திய மகா வித்தியாலயம். கட்டடமும் ஊழியர்களும் கோப்புகளும் சபையாக மிஞ்சின. உறுப்பினர் கதிரையில் ஆள் இல்லை.

1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். என் சமூகத்தின் அனுபவத்தில் இருந்து ஒன்றைச் சொல்லவேண்டும். வீடும் கடையும் போனது எல்லோருக்கும் தெரியும். கேள்வி கேட்கும் இடமும் கூடவே போனது. புத்தளத்து முகாமில் இருந்தவருக்கு யாழ்ப்பாணத்தில் பதிவு இல்லை; இருந்த இடத்தில் அவர் வெளியூரார். தண்ணீர்க் குழாயைப் பற்றிக் கேட்கக்கூட 'நீர் எந்த வட்டாரம்?' என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து பல வருடம் முகாம்களில் இருந்த தமிழ் உறவுகளுக்கும் இது புதிதல்ல.

குடாநாட்டில் உள்ளூராட்சித் தேர்தல் 1998 ஜனவரி 29 இல்தான் நடந்தது. யாழ் மாநகர முதல்வராகப் பொறுப்பேற்ற சரோஜினி யோகேஸ்வரன் அந்த மே மாதமே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் செப்டெம்பரில் குண்டு வெடிப்பில் இறந்தார். சபைக் கதிரை எவ்வளவு ஆபத்தான கதிரையாக இருந்தது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். 2002 இல் நடக்கவேண்டிய தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. நம் பிரதேச சபைக்கு அடுத்த தேர்தல் 2011 ஜூலை 23 இல். அதன் பின் 2018 பெப்ரவரி 10. அந்தச் சபைகளின் காலம் 2023 மார்ச் 19 உடன் முடிந்தது. அதே மார்ச் 9 இல் நடக்கவேண்டிய தேர்தல் பணம் இல்லை என்ற காரணத்தோடு நின்றது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 22 இல் தீர்ப்பளித்தது. கடைசியாக 2025 மே 6 இல் வாக்களித்தோம்; ஜூனில் சபைகள் கூடின.

இனிக் கணக்கைப் பாருங்கள். 1981 ஜூலை முதல் 2025 ஜூன் வரை 44 ஆண்டுகள். அதற்குள் நம் பகுதியில் தெரிவு செய்யப்பட்ட பிரதேச சபை இருந்தது மூன்று தவணை. எல்லாம் கூட்டினாலும் ஏறக்குறைய 15 ஆண்டுகள்தான். மூன்றில் இரண்டு பங்கு காலம் கேள்வி கேட்க ஆள் இல்லை. 1981 இல் கரவெட்டியில் பிறந்த ஒரு பிள்ளை, தன் பிரதேச சபைக்கு முதல் வாக்கைப் போட்டபோது வயது முப்பது.

மனுவும் கேள்வியும்

அந்த வெறுமையான ஆண்டுகளில் சபையை நடத்திய செயலாளர்களையும் ஊழியர்களையும் நான் குறை சொல்லவில்லை. ஷெல் விழும்போதும் எரிபொருள் இல்லாதபோதும் குப்பை அள்ளியவர்களும் கிணற்றுக்குக் குளோரின் போட்டவர்களும் அவர்கள். அவர்களுக்கு நன்றிக்கடன் உண்டு.

ஆனால் நமக்குள் ஒரு பழக்கம் மாறியது. உத்தியோகத்தரிடம் மனுக் கொடுப்போம். தெரிவான உறுப்பினரிடம் கேள்வி கேட்போம். இரண்டும் ஒன்றல்ல. மனுவில் "தயவுசெய்து" இருக்கும். கிடைத்தால் நன்றி, கிடைக்காவிட்டால் விதி. கேள்வியில் "ஏன்?", "எப்போது?", "எவ்வளவு?" இருக்கும், பதில் சொல்லாவிட்டால் அடுத்த தேர்தல் இருக்கும். மூன்றில் இரண்டு பங்கு காலம் மனு எழுதிப் பழகிய சமூகம், சபை வந்த பிறகும் மனுதான் எழுதுகிறது. நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுகிறோம், ஆளுநருக்கு எழுதுகிறோம், முகநூலில் படம் போடுகிறோம். வட்டார உறுப்பினரை மட்டும் கேட்பதில்லை.

கணக்குக் கேட்பது தமிழ் மண்ணுக்குப் புதியதும் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, கி.பி. 921 அளவில், குடவோலையில் பெயர் எழுதத் தகுதி இல்லாதவர்களைப் பட்டியலிடுகிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. அந்த முறையில் எல்லோருக்கும் வாக்கு இருக்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் கணக்குக் காட்டாதவன் திரும்பி வரக்கூடாது என்பதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

திட்டமிடல் என்றால் முதலில் தண்ணீர்

நமக்கு ஆறு இல்லை. குடிப்பதும் பயிருக்கு இறைப்பதும் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கிற மழைத்தண்ணீர். மேலே ஊற்றுவது கீழே போகும். அதனால் இங்கே கட்டட அனுமதி என்பது வெறும் காகிதம் இல்லை. மலசலகூடக் குழி கிணற்றில் இருந்து எவ்வளவு தூரம், குப்பை எங்கே கொட்டப்படுகிறது, வெள்ள வாய்க்காலை மறித்து மதில் எழும்புகிறதா என்பதெல்லாம் அடுத்த தலைமுறையின் கிணற்றைத் தீர்மானிக்கின்ற கேள்விகள்.

சுன்னாகம் கண்முன்னே இருக்கிறது. மின் நிலையத்துக் கழிவு எண்ணெய் கிணறுகளில் மிதந்ததை 2014, 2015 இல் பார்த்தோம். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரல் 4 இல் நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. நீதி கிடைத்தது நல்லது. ஆனால் ஒரு கிணற்றைப் பழையபடி ஆக்கத் தீர்ப்பால் முடியாது. திட்டமிடல் பற்றிய கேள்வி அத்திவாரம் வெட்ட முன்னர் கேட்கப்பட வேண்டியது.

புத்தூர் கலைமதி மக்கள் 2017 இல் குடிமனைகளுக்கு நடுவே இருந்த மயானம் பற்றிப் போராடியதும் இதே வகைக் கேள்விதான்: ஊருக்குள் எது எங்கே இருக்க வேண்டும், அதைத் தீர்மானிப்பது யார்?

இப்போது என்ன செய்யலாம்

1. முதலில் எது யாருடையது என்று பிரித்துப் பார்ப்போம். யாழ்ப்பாணம் – பருத்தித்துறை பிரதான வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. சில வீதிகள் மாகாணத் திணைக்களத்துடையவை. உள் வீதிகளும் ஒழுங்கைகளும்தான் பெரும்பாலும் பிரதேச சபையின் கையில். ஆளை மாற்றிக் கேட்டால் பதில் வராது.

2. சபைக் கூட்டத்தில் பேசும் உரிமை உறுப்பினருக்கு. ஊரவரின் கேள்வி அவர் வாய்வழியாகத்தான் உள்ளே போகும். ஆகவே எழுத்தில் கொடுங்கள். அடுத்த கூட்டம் முடிந்ததும் "கேட்டீங்களா? என்ன சொன்னவை?" என்று கேளுங்கள்.

3. வருட இறுதியில் அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுவது வழக்கம். போய்ப் பாருங்கள். நாம் கட்டும் சோலைவரியும் சந்தைக் குத்தகைப் பணமும் எங்கே போகின்றன என்பது அதில் இருக்கும். உறுப்பினர்களின் மிகப் பெரிய கேள்வியும் அந்த வாக்கெடுப்புத்தான். 2020 டிசம்பரில் யாழ் மாநகர சபையில் வரவு செலவுத் திட்டம் இரண்டாம் முறையும் தோற்றதால் முதல்வரே மாறினார். அந்தப் பலம் கட்சிச் சண்டைக்கு மட்டும் பயன்படாமல் ஒழுங்கைக்கும் பயன்படவேண்டும் என்றால் ஊர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

4. சபைக் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சேர்த்துக்கொள்ளப் பிரதேச சபைகள் சட்டத்திலேயே இடம் உண்டு. ஓய்வு பெற்ற பொறியியலாளர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், விவசாயி எல்லோரும் நம் ஊரில் இருக்கிறார்கள். சபையிடம் இதைக் கேட்போம்.

5. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. உங்கள் ஒழுங்கைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், ஒப்பந்தம் யாருக்கு என்பதை ஒரு தாளில் கேட்கலாம்.

6. 2018 முதல் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்கு முன் நாடு முழுவதும் பெண் உறுப்பினர்கள் 2 சதவீதம் அளவில்தான். தெருவிளக்கு, முன்பள்ளி, சந்தை மலசலகூடம் போன்றவற்றை அவர்கள் எழுப்பும்போது கூட்டத்தில் சிரிப்பவர் யார் என்பதையும் ஊர் குறித்து வைக்க வேண்டும்.

கேட்பது என்றால் ஏசுவது இல்லை. நல்லது செய்தால் அதையும் பெயர் சொல்லி எழுதுவோம். ஊழியரை அவமதிக்க வேண்டாம். அவர் சம்பளத்துக்கு வேலை செய்பவர், தீர்மானம் எடுப்பவர் அல்லர்.

மூத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வி.சி. காலத்துச் சோலைவரி ரசீது, கூட்ட அறிவித்தல், பழைய தேர்தல் துண்டுப் பிரசுரம் ஏதும் வீட்டுப் பெட்டியில் இருந்தால் எறிய வேண்டாம். படம் எடுத்துத் தாருங்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும். அன்றைக்கு யார் என்ன கேட்டார்கள் என்று ஞாபகம் இருப்பதையும் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கு ஒன்றே ஒன்று. இன்று இரவு சாப்பிடும்போது உங்கள் வட்டார உறுப்பினரின் பெயரைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். தெரியாவிட்டால் நாளைக்கு விசாரித்துச் சொல்லுங்கள்.