ராக்கியும் தங்கலானும்

கே.ஜி.எஃப். எனப்படும் கோலார் தங்கவயலை வெளியூர்க்காரர்கள் இன்று அறிந்திருப்பது பெரும்பாலும் சினிமா வழியாகத்தான். பிரசாந்த் நீல் கன்னடத்தில் இயக்கிய ‘கே.ஜி.எஃப்.’ படத்தின் முதல் பாகம் 2018 டிசம்பரிலும், இரண்டாம் பாகம் 2022 ஏப்ரலிலும் வந்தன. பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ 2024 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. இவற்றில் எதுவும் வரலாறு அல்ல. தங்கம் என்ற ஒன்றைச் சுற்றி எழுப்பிய மாயப் புனைவுகள் அவை. இரண்டிலும் நாயகன் தனக்குள் இன்னொருவனை வைத்திருக்கிறான், இரண்டிலும் ஒரு பிள்ளைப் பருவம் பறிபோகிறது. மறைந்திருப்பவன் யார், பறிபோனது யாருடைய பிள்ளைப் பருவம் என்ற கேள்விகளை முன்வைத்து இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒன்றில் தங்கவயல் இருக்கிறது, மற்றதில் அதன் பெயர் மட்டும் இருக்கிறது என்பது தெரியவரும்.

இப்படிப் பார்ப்பதற்கு ரசிகர் புனைவு என்ற எழுத்து வகை கை கொடுக்கிறது. ஒரு கதையை நேசிக்கும் வாசகர், அதன் ஆட்களை எடுத்துத் தன் போக்கில் மேலும் எழுதுகிறார். ஒரு கதையின் ஆளை இன்னொரு கதையின் உலகத்துக்குள் கொண்டுபோய் விடுவது அதில் ஒரு பிரிவு. தமிழுக்கு இது புதிதே அல்ல. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் ‘அல்லி அரசாணி மாலை’ அதைத்தான் செய்தது. வியாசருக்குத் தெரியாத ஒருத்தி அல்லி. மதுரையை ஆள்கிறவள், ஆண்களை அருகில் அண்டவிடாதவள். பாரதத்து அர்ச்சுனன் அவளிடம் வேடங்களில் வருகிறான், பாம்பாகவும் உருமாறிப் படுக்கையறைக்குள் நுழைகிறான். பாம்பு யாரென்று கதை கேட்கிறவர்களுக்குத் தெரியும், அல்லிக்குத் தெரியாது. இரண்டு உலகங்களையும் அறிந்தவர் கேட்பவர் மட்டுமே. கதைக்குள் இருக்கிற யாருக்கும் அந்தப் பார்வை இல்லை. அந்த இடைவெளியில்தான் சுவையும் அச்சமும் பிறக்கின்றன.

தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைத் திரையரங்கில் உட்கார்ந்து இந்தப் படங்களைப் பார்த்தவர்களின் நிலையும் அதுவே. திரையில் ஓர் உலகம் ஓடுகிறது. தாத்தாவும் அப்பாவும் கூண்டில் இறங்கிய சுரங்கம் மனசுக்குள் இன்னோர் உலகமாகக் கிடக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று உரசுவதை அவர்களால்தான் பார்க்க முடியும்.

‘கே.ஜி.எஃப்.’பை முதலில் எடுத்துக்கொள்வோம். ராக்கியின் இயற்பெயர் ராஜா கிருஷ்ணப்பா பைரியா. வறுமையில் தாய் சாகிறாள். சாகும்போது பெரும் பணக்காரனாக, பலம் உள்ளவனாகத்தான் சாக வேண்டும் என்று பிள்ளையிடம் சத்தியம் வாங்கிக்கொள்கிறாள். சிறுவன் பம்பாய்க்குப் போய் செருப்புக்குப் பாலிஷ் போடுகிறான். அங்கே ஒரு காட்சி வருகிறது. பையன் ஒரு போலீஸ் அதிகாரியின் மண்டையில் பாட்டிலால் அடித்துவிட்டு ஓடுகிறான். ஓடியவன் திரும்பி வருகிறான். அடித்தது யாரென்று தெரிய வேண்டாமா? அதற்காக வந்து தன் பெயரைச் சொல்கிறான். ராஜா கிருஷ்ணப்பா பைரியா என்ற குழந்தை புதைந்த இடம் அதுதான். அதற்குப் பிறகு வெளியே இருப்பது ராக்கி. பரபரப்பான சாலையின் நடுவே, கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய் தவறவிட்ட ரொட்டியை எடுத்துக் கொடுக்க அவன் போக்குவரத்தையே நிறுத்தும்போது, புதைந்த பிள்ளை ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

இந்தக் காட்சிகளின் வலிமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தாய்க்குக் கொடுத்த வாக்கைச் சுமந்து அலையும் பிள்ளை என்பது நம் கதைகளின் ஆதிச் சரக்கு, அது யாரையும் அசைக்கும். என் கேள்வி அதற்கு அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. படத்தின் வில்லன் கருடனைக் கொல்வதற்காக ராக்கி நராச்சி சுரங்கத்துக்குள் கூலிகளில் ஒருவனாகப் புகுகிறான். முகத்தில் கரி, உடம்பில் கந்தல், கையில் சம்மட்டி. இது அர்ச்சுனனின் பாம்பு வேடம் போன்றது, காரியம் முடியும்வரை போட்டுக்கொள்வது. அவன் வேடம் போட்டு நிற்கிற அந்தக் கூட்டத்துக்கு மட்டும் வேடமே இல்லை. அவர்களுக்கு உள்ளே வேறொருவர் இருக்கக்கூடும் என்று படம் ஒரு நொடிகூட நினைக்கவில்லை. அடி வாங்குகிறார்கள், அழுகிறார்கள், காத்திருக்கிறார்கள். கடைசியில் கும்பிடுகிறார்கள். மறைந்த சுயம் என்ற சொத்து நாயகன் ஒருவனுக்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

காலக்கணக்கையும் சொல்ல வேண்டும். படத்தில் நராச்சியில் தங்கம் கண்டெடுக்கப்படுவது 1951-இல், ராக்கி பிறந்த அதே நாளில். நிஜத்தில் ஜான் டெய்லர் சுரங்கக் கம்பெனி 1880-இலேயே தங்கவயலுக்கு வந்துவிட்டது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. 1951 வாக்கில் மூன்றாம் தலைமுறை சுரங்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தொழிலாளர் லைன் வீடுகளில் பிறந்து, ஷிப்டுச் சங்கு கேட்டுத் தூங்கி எழுந்து வளர்ந்திருந்தார்கள். புனைவுக்கு ஆண்டை மாற்றும் உரிமை உண்டு, அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் ஒரு பிள்ளையின் பிறப்பைப் பெரிதாக்க இத்தனை பிள்ளைகளை இல்லாமல் ஆக்க வேண்டியிருந்தது என்பதை எழுதி வைக்க வேண்டும்.

‘தங்கலான்’ எதிர்த் திசையில் போகிறது. கதை தொடங்குவது 1850 வாக்கில், வட ஆர்க்காட்டு வேப்பூரில். தங்கலான் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் பறையர். அறுத்து வைத்த விளைச்சல் எரிகிறது, நிலம் மிராசுதாரிடம் போகிறது, குடும்பம் பண்ணையடிமையாகிறது. அப்போது தங்கம் தேடி வந்த கிளமென்ட் துரையோடு அவன் கிளம்புகிறான். இதற்கெல்லாம் முன்னால், படத்தின் தொடக்கத்திலேயே, அவன் தன் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்கிறான். தங்கத்தைக் காக்கும் ஆரத்தி என்ற சூனியக்காரியோடு தன் மூதாதை காடையன் மோதிய கதை. பிள்ளைகள் கண்ணை விரித்துக் கேட்கிறார்கள். பிள்ளைகளைத் தூங்கவைக்கச் சொன்ன கதை பிறகு சொன்னவனையே துரத்துகிறது. ஆரத்தி கனவில் வருகிறாள், காட்டில் வருகிறாள். முடிவில், எதிரி என்று அவன் நினைத்தவளும் அவனும் ஒரே கூட்டம் என்பதும், அந்த மண்ணைக் காத்து நின்றவர்களில் அவனும் ஒருவன் என்பதும் வெளிப்படுகின்றன.

ராக்கிக்குள் மறைந்திருப்பது அவனுடைய சிறு வயது. தங்கலானுக்குள் மறைந்திருப்பது அவனுக்கு முன்னே வாழ்ந்த ஒரு சனம். முதல் படத்தில் ஒருவனின் அறியாப் பருவம் பம்பாய்த் தெருவில் தொலைகிறது. இரண்டாவதில் ஓர் இனத்தின் நினைவே தொலைந்துபோய், அதன் மிச்சம் பேய்க்கதையாகப் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பிள்ளைகளுக்கான கதை என்று ஒதுக்கப்பட்டதுதான் உண்மையைப் பாதுகாத்து வைத்திருந்த இடம் என்கிறது ரஞ்சித்தின் படம். சூனியக்காரி, மந்திரம், மறுபிறவி என்று மாயம் இதில் கூடுதல். ஆனாலும் தங்கவயலின் நிஜத்துக்கு இதுவே நெருங்கி நிற்கிறது என்பது என் தீர்ப்பு. அதற்குக் காரணம் இந்த ஊரின் பௌத்த வரலாறு.

சிந்தனையாளர் அயோத்திதாசர் 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். பறையர் என்று தாழ்த்தப்பட்டவர்கள் பூர்வ பௌத்தர்கள் என்பது அவர் வாதம். நீ இன்று எந்தப் பெயரால் அழைக்கப்படுகிறாயோ அது நீ அல்ல, உனக்குள் வேறொருவன் மறைக்கப்பட்டிருக்கிறான் என்று ஒரு மக்கள் கூட்டத்தையே பார்த்துச் சொன்னவர் அவர். அந்தக் குரலை முதலில் ஏந்திக்கொண்ட இடங்களில் தங்கவயலும் ஒன்று. அதன் சுரங்கப் பகுதிகளான மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கங்கள் எழுந்தன. அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ் அவர் மறைவுக்குப் பின் நின்றுபோனபோது, 1926-இல் ஜி. அப்பாதுரையார் அதைத் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார். பாறை பிளந்த கைகள் மாலையில் அதைப் பிரித்துப் படித்தன. தங்கலான் திரையில் கண்டடைவதை இந்த ஊர் நூறாண்டுக்கு முன்பே அச்சில் தேடிக்கொண்டிருந்தது.

இப்படி மறைந்திருப்பது கற்பனை என்று யாரும் தள்ளிவிடவும் முடியாது. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாக வழிபடப்பட்டு வந்த சிலை புத்தருடையது என்று 2022-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. முனியாக நின்றவருக்குள் புத்தர் இருந்தார். தங்கலானின் குடும்பமும் முனி வழி வந்தது என்பதை இங்கே சேர்த்துப் பார்க்கலாம். படத்தின் வசனத்தில் பங்கேற்ற அழகிய பெரியவன் பேரணாம்பட்டுக்காரர். தங்கவயலுக்கு ஆள் கிளம்பிய வட ஆர்க்காட்டு மண் அது. அந்தப் பேச்சின் நெருக்கம் படத்தில் தெரிகிறது.

வேடம் என்பதையும் ‘தங்கலான்’ ஆழமாகவே தொடுகிறது. துரையின் கோட்டும் கால்சட்டையும் அணிந்து, குதிரையேறி ஊருக்குத் திரும்பும் தங்கலான் ஒரு வேடத்தில்தான் வருகிறான். ஊர் அதை வேடமாகப் பார்க்கவில்லை, விடுதலையாகப் பார்க்கிறது. பெண்கள் முதன்முதலாக ரவிக்கை அணிந்துகொள்ளும் காட்சியில் அவர்களுடைய வெட்கமும் சிரிப்பும் ஒரு திருவிழாவாகவே பொங்குகின்றன. பசுபதி நடித்த கெங்குபட்டர் நாமமும் பூணூலுமாகத் திரிகிறார், ராமானுஜர் வழியில் வைகுந்தம் கிடைக்கும் என்று நம்புகிறார். எளிதில் கேலிப் பாத்திரமாகிவிடக்கூடிய அந்த மனிதரின் ஏக்கத்தைப் படம் மதிக்கிறது. ஒவ்வொருவருக்கும் உள்ளே இன்னொருவர் இருக்கிறார், நாயகனுக்கு மட்டும் அல்ல. நராச்சியின் கூட்டத்துக்குக் கிடைக்காதது இதுதான். இரண்டாம் பாதியில் கனவும் நனவும் குழம்பிக் கதை தடுமாறுவது உண்மை. பார்ப்பவரைக் களைக்க வைக்கிறது. இருந்தும் அந்தத் தடுமாற்றம், ‘கே.ஜி.எஃப்.’பின் பிசகில்லாத ஓட்டத்தைவிட எனக்கு மதிப்புள்ளதாகப் படுகிறது.

தங்கவயல் வரலாற்றில் மறைந்த சுயத்துக்கு ஓர் அசல் சம்பவமே உண்டு. தொழிலாளர்களின் விரல் ரேகையைப் பதிவு செய்யும் ஏற்பாட்டைக் கம்பெனி 1930-இல் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்திவிட்டார்கள். கூலி உயர்வுக்கு நடந்ததல்ல அந்தப் போராட்டம். குற்றவாளியிடம் எடுப்பதுபோலத் தங்களிடம் ரேகை எடுப்பதா என்ற மானப் பிரச்சினை அது. அதற்குள் இன்னொன்றும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ரேகை பதிந்துவிட்டால் ஓர் ஆள் ஒரே பெயருக்குள் அடைபட்டுவிடுகிறான். ஊரில் சாதி கொடுத்த பெயரை உதறிவிட்டு வந்தவர்களுக்கு, கம்பெனி இன்னொரு பூட்டுப் போடுவது பொறுக்கவில்லை. போலீஸ்காரரிடம் ஓடிவந்து பெயர் சொன்ன சிறுவன் ராக்கியின் காட்சியை இதனோடு வைத்துப் பாருங்கள். அவனுக்குப் பெயரைச் சொல்வது வீரம். இவர்களுக்குத் தன்னை ஒரு பதிவேட்டுக்குள் ஒப்புக்கொடுக்க மறுத்தது வீரம்.

இரண்டு படங்களுக்கும் பொதுவான ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். லைன் வீட்டுப் பிள்ளை இரண்டிலும் இல்லை. ‘தங்கலான்’ கம்பெனி தங்கம் தோண்டத் தொடங்குவதற்கு முன்னால் முடிந்துவிடுகிறது. மற்றது தங்கவயலே அல்லாத ஒரு கோட்டையில் நடக்கிறது. நிஜத்தின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது, அடியில் பாறையே கொதிக்கும். சுரங்கம் ஓடிய நாட்களில் அந்த ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே வீட்டுச் சாமான் ஆடும். பாத்திரம் உருளும் சத்தத்தில் அம்மாக்கள் வேலையைப் போட்டுவிட்டுக் குழி வாசலுக்கு ஓடுவார்கள். பின்னாலேயே பிள்ளைகள். கூண்டு மேலே வரும்வரை யாருடைய அப்பா என்று தெரியாது. ஒரு பிள்ளையின் அறியாப் பருவம் தொலைய இதற்கு மேல் மாயம் எதற்கு? வில்லன் வேண்டாம், சூனியக்காரி வேண்டாம். மறைந்திருப்பவனும் இங்கே உண்டு. கீழே வெந்து, தூசியைச் சுவாசித்து, மேலே வந்து குளித்துவிட்டு, ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் வெள்ளைச் சட்டையோடு நடந்த அப்பா, வீட்டில் சுரங்கத்தைப் பற்றி வாய் திறக்காத அப்பா.

சுரங்கங்களை நடத்திவந்த பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. அன்றுவரை அப்பாவுக்குச் சோற்று டப்பா கட்டிக் கொடுத்த வீடுகளிலிருந்து அதற்குப் பிறகு பிள்ளைகள் விடிகாலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், இரவுதான் திரும்பி வருவது. இன்றும் போகிறார்கள். அங்கே ஊர் எது என்று கேட்பவர்களிடம் கே.ஜி.எஃப். என்று சொன்னால், ராக்கியின் ஊரா என்று கேட்கிறார்கள். வாழ்ந்த ஊரை மூடிக்கொண்டு கற்பனை ஊர் முன்னால் வந்து நிற்கிறது.

இந்தப் படங்களை யாரும் குறை சொல்லி ஒதுக்க வேண்டியதில்லை. அர்ச்சுனனை மதுரைக்கு இழுத்து வந்து தங்கள் அல்லியை அவன் முன் நிறுத்தியவர்கள் செய்ததை நாமும் செய்யலாம். ராக்கியை மாரிக்குப்பம் லைனுக்குள் கூட்டிவந்து ஒரு தொழிலாளியின் மகளோடு பேசவிடலாம். தங்கலானின் பேரனைக் கூண்டில் இறக்கலாம், விரல் ரேகைக்கு எதிரான ஊர்வலத்தில் நடக்கவைக்கலாம். சுரங்கச் சங்கை நினைவு தெரிந்த வயதில் கேட்ட கடைசிப் பிள்ளைகளுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. அந்தக் கதையை அவர்கள்தான் எழுத வேண்டும், அவர்களுடைய அப்பாக்கள் இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும்.