ஜான் ஹார்னர்: ஒரு தீயணைப்புக்காரரின் கதை

லண்டன்ல செயிண்ட் பால்ஸ் தேவாலயத்துக்குத் தெற்கே, தீயோடு போராடுற மூணு வெண்கல வீரர்களோட சிலை ஒண்ணு இருக்கு. 1991ல் திறந்தாங்க. இரண்டாம் உலகப் போர்ல உள்நாட்டுல தீயணைக்கப் போய் இறந்தவங்க பேரெல்லாம் அடியில பொறிச்சிருக்கு. சுமார் ஆயிரம் பேர், பெண்களும் உண்டு. இவங்கள்ல நிறைய பேரை ஆரம்பத்துல யாரும் தீயணைப்பு வீரராவே மதிக்கலைங்கிறதுதான் கொடுமை. மதிக்க வெச்ச மனுஷர் ஜான் ஹார்னர்.

1911ல் பிறந்தவர். கொஞ்ச காலம் வணிகக் கப்பல்ல வேலை, அப்புறம் லண்டன் தீயணைப்புப் படை. 1939ல் தீயணைப்பு வீரர் யூனியனுக்குப் பொதுச் செயலாளர் ஆனப்போ வயசு 27தான். அந்த வயசுல நம்ம டீம் லீட் சொல்றதுக்கே நாம தலையாட்டிட்டு இருப்போம் :-)

அப்போ போர் வருதுன்னு அரசாங்கம் 'துணைத் தீயணைப்புப் படை'ன்னு ஒண்ணு சேர்த்துச்சு. கடைக்காரர், டிரைவர், கிளார்க்னு பல தரப்பு ஆட்கள். ஆணுக்கு வாரம் 3 பவுண்டு, பெண்ணுக்கு 2. பம்பை இழுக்கப் பல இடத்துல வாடகை டாக்ஸிதான். 1940 செப்டம்பர் வரைக்கும் லண்டன்ல பெரிசா குண்டு விழலையா, ஊர்க்காரங்க இவங்களைப் பார்த்து "ராணுவத்துக்குப் போகப் பயந்தவன்"னு கேலி பண்ணாங்க. வேலையில அடிபட்டாக்கூட சில வாரம்தான் சம்பளம், அப்புறம் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

யூனியன்ல இருந்த பழைய ஆட்களுக்கும் இவங்களைப் பிடிக்கல. குறைஞ்ச கூலிக்கு வந்து நம்ம பொழப்பைக் கெடுக்கிறாங்கன்னு பயம். அந்தப் பயத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன், எந்தத் தொழில்லயும் வர்றதுதான். ஆனா ஹார்னர் அவங்களோட மல்லுக்கட்டி, துணைப் படை ஆண்கள், பெண்கள் எல்லாருக்கும் யூனியன் கதவைத் திறந்துவிட்டார். சில ஆயிரம் பேர் இருந்த சங்கம் பல மடங்கு பெருகிடுச்சு. 1940 செப்டம்பர் 7ல் குண்டு மழை ஆரம்பிச்சு, தொடர்ந்து 57 ராத்திரி. அதுக்கப்புறம் கேலி பண்ண ஆளே இல்ல. அடிபட்டவங்க சம்பளத்துக்கு சண்டை போட மட்டும் யூனியன் இருந்துச்சு.

போர் முடிஞ்சும் ஓய்வில்லை. 1951ல் சம்பளப் பிரச்சினைக்காக ரெண்டு நாள் போராட்டம். தீ அழைப்பு வந்தா போவோம், பித்தளை துடைக்கிறது, டிரில்லெல்லாம் கிடையாதுன்னுட்டாங்க. கம்யூனிஸ்ட் கட்சியில இருந்தவர், 1956ல் ஹங்கேரிக்குள்ள சோவியத் டாங்கி நுழைஞ்சதும் வெளியே வந்துட்டார். அது சாதாரண முடிவில்ல.

எனக்கு முக்கியமாப் படுறது 1958 ஜனவரிதான். ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தைக்குக் கீழ இருந்த குளிர்பதனக் கிடங்குல தீ. நிலவறை முழுக்க சந்து சந்தா, கண்ணு தெரியாத புகை. முதுகுல இருக்கிற ஆக்ஸிஜன் ஒரு மணி நேரம் வந்தா பெரிசு. ஒரு நிலைய அதிகாரியும் ஒரு வீரரும் திரும்பி வரவே இல்ல. யார் உள்ளே போனாங்க, எப்போ போனாங்க, எவ்வளவு காத்து மிச்சம்னு குறிச்சு வைக்க, நாடு முழுக்கப் பொதுவான கட்டாய முறை எதுவும் அப்போ இல்ல. வேணும்னு யூனியன் முன்னமே கேட்டுட்டு இருந்தது. 1954லேயே கோவென்ட் கார்டன் தீயில மூணு வீரர்கள் செத்திருந்தாங்க.

ரெண்டு பேர் செத்தப்புறம்தான் விசாரணை, புது விதி எல்லாம் வந்துச்சு. சுவாசக் கருவி ஒவ்வொண்ணுக்கும் ஒரு அடையாள வில்லை. அதுல பேர், உள்ளே போற நேரம், சிலிண்டர்ல இருக்கிற அளவு எல்லாம் எழுதி வாசல்ல குடுத்துட்டுத்தான் போகணும். வெளியே நிக்கிறவர் கணக்குப் போட்டு, நேரத்துக்கு வரலைன்னா மீட்க ஆள் அனுப்புவார். நாங்க ஆபீஸ்ல லாக் எழுதுறதுக்கே சலிச்சுக்குவோம். இங்க அந்த ஒரு வரிதான் உயிர்.

1964ல் ஹார்னர் பதவியை விட்டார். தொழிற்கட்சி சார்பா ஓல்ட்பரி–ஹேல்ஸோவன் தொகுதியில ஜெயிச்சு 1970 வரை எம்.பி. 1997ல் காலமானார்.