மாறுவடிவ டர்போ அன்றாடக் கார்களுக்கு வந்த வழி: வெப்ப விளக்கத்துக்கு ஒரு மறுப்பு

புகை டர்பைனை அடையும் வழியைக் குறுக்கவும் விரிக்கவும் கூடிய மாறுவடிவ டர்போவின் வரலாற்றுக்கு வழக்கமாக ஒரே விளக்கம்தான் தரப்படுகிறது. டீசல் எஞ்சினின் புகை ஏறத்தாழ 850 டிகிரி செல்சியஸோடு நின்றுவிடும்; பெட்ரோல் எஞ்சினில் அது 1000 டிகிரியைத் தொடும். டர்பைனைச் சுற்றியுள்ள அசையும் தகடுகள் அந்தச் சூட்டில் நெளிந்து சிக்கிக்கொள்ளும். எனவே டீசல் கார்களுக்கு அது முதலில் வந்தது, சூடு தாங்கும் உலோகம் கிடைத்தபின் பெட்ரோல் கார்களுக்கும் பரவியது என்கிறார்கள். இதன் இயற்பியல் சரி. காலவரிசைதான் இடிக்கிறது. 1988இல் இந்த டர்போவோடு வந்த ஹோண்டா லெஜண்ட், 2 லிட்டர் வி6 பெட்ரோல் கார். 1989இன் ஷெல்பி சிஎஸ்எக்ஸ்-விஎன்டியும் பெட்ரோல்தான். டீசலில் ஃபியட் குரோமா 1991இல்தான் வருகிறது. ஒற்றை மடலை அசைத்த நிசானின் ‘ஜெட் டர்போ’வையும் இவ்வகையில் சேர்ப்பதானால் தொடக்கம் 1985க்குப் போகும், சேர்ப்பதா என்பது ‘மாறுவடிவம்’ என்ற சொல்லுக்கு நாம் தரும் வரையறையைப் பொறுத்தது. சேர்த்தாலும் அது பெட்ரோல் காரே.

ஷெல்பி காரைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மொத்தம் 500 கார்கள், 2.2 லிட்டர் கிரைஸ்லர் எஞ்சின். காரெட் நிறுவனத்தின் விஎன்டி-25 டர்போ. இதன் கம்ப்ரசரும் தண்டும் சாதாரண டி-25 டர்போவில் உள்ளவையே. ஒரு சுவடியின் இரு படிகளில் ஒரே ஒரு சொல் வேறுபட்டால் எப்படியோ, அப்படி இங்கே வேறுபாடு டர்பைன் பக்கம் மட்டும் இருக்கிறது. 1987இன் சிஎஸ்எக்ஸ் நிலைவடிவ டர்போவோடு 175 குதிரைத்திறன் தந்தது. விஎன்டியும் அதே 175தான். ஆனால் அதன் உச்ச முறுக்குவிசை 2100 சுற்றிலேயே வந்துவிடுகிறது. குறைந்த சுற்றில் தகடுகள் நெருங்கி வழியைக் குறுக்க, புகை வேகமெடுத்து டர்பைனை அடிக்கிறது. டர்போ வேகமெடுக்க ஆகும் தாமதம் (டர்போ லேக்) குறைகிறது. இங்கே தேடப்பட்டது பிக்கப், உச்சத் திறன் அல்ல.

ஐந்நூறு காரை வைத்து வரலாறு எழுதலாமா, அந்த முயற்சி தொடராததே வெப்ப விளக்கத்துக்குச் சான்றாகாதா என்று கேட்கலாம். பெட்ரோலில் அது ஏன் தேங்கியது என்பதற்கு வெப்பம் ஒரு காரணம்தான். டீசல் அதை ஏன் விடாமல் பற்றிக்கொண்டது என்பதற்கு வெப்பம் பதிலாகாது. சூட்டைத் தாங்குவதனால் மட்டும் எந்த நிறுவனமும் விலை கூடிய பாகத்தை மாட்டுவதில்லை. அதற்கு ஒரு தேவை வேண்டும். டீசலில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கப் புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்ப வேண்டியிருந்தது. டர்போ காற்றை அழுத்தி நிரப்பியிருக்கும் உள்வழிக்குள் புகை நுழைய, வெளிவழியின் அழுத்தம் அதைவிடக் கூடுதலாக இருந்தாக வேண்டும். தகடுகளைச் சற்று மூடினால் அந்த அழுத்தம் கிடைத்துவிடுகிறது. 2000இல் யூரோ 3, 2005இல் யூரோ 4 என்று ஐரோப்பிய மாசு விதிகள் இறுகியபோது இந்தக் குணத்தின் மதிப்பு கூடியது. பெட்ரோல் பக்கம், உலோகம் மட்டுமே தடை என்றால், 2006இல் போர்ஷே 911 டர்போ பெட்ரோலில் அதைத் தாண்டிக் காட்டியதும் சாதாரணக் கார்கள் பின்தொடர்ந்திருக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகனின் 1.5 டிஎஸ்ஐ வருவதற்குப் பத்தாண்டு ஆயிற்று. அதிலும் உள்வால்வை முன்கூட்டியே மூடும் மில்லர் சுழற்சியால் புகையின் சூட்டையே 880 டிகிரி அளவுக்கு இறக்கித்தான் தகடுகளைப் பொருத்தினார்கள். இது வெப்ப விளக்கத்துக்கும் ஓரளவு துணைபோகும் சான்று. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அங்கே வளைந்துகொடுத்தது எஞ்சின், உலோகம் அல்ல.

என் வாதத்துக்கு வலுவான தடை இந்தியச் சாலைகளிலேயே ஓடியது. ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல், மாருதி ஸ்விஃப்டில் நிலைவடிவ டர்போவோடு 75 குதிரைத்திறனும், எர்டிகாவில் மாறுவடிவ டர்போவோடு 90 குதிரைத்திறனும் தந்தது. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே மாசு விதிக்கு உட்பட்டு விற்பனையில் இருந்தவை. ஆகவே மாசு விதியை அத்தேவையின் ஒரு பகுதியாகக் கொள்ளலாமே தவிர, முழுக் கட்டாயமாகக் கொள்ள முடியாது. சிறிய டீசலில் விலையை ஈடுகட்டியது அந்தக் கூடுதல் திறன்தான் போலும்; பெரிய டீசலில் புகைச் சுழற்சி. இவ்விரண்டும் எந்தக் கொள்ளளவில் இடம் மாறுகின்றன என்று கோடு கிழிக்க இந்த ஓர் இணை போதாது.