அக்கவுன்ட்டில் 90,000 ரூபாய் இருக்கு... அது லாபமா? மார்ச் 31-ல் சின்ன பிசினஸ்கள் போட வேண்டிய கணக்கு!

மார்ச் கடைசி வாரம். போனில் பேங்க் ஆப்பைத் திறந்து பார்க்கிறீர்கள். 90,000 ரூபாய் காட்டுகிறது. வருஷம் முழுக்க ஆர்டர் வந்தது. மாசம் 20,000 ரூபாய் வீட்டுச் செலவுக்கு எடுத்தாச்சு. புது மெஷின், லேப்டாப் எல்லாம் கடன் வாங்காமலேயே வாங்கியாச்சு. 'இந்த வருஷம் நல்ல லாபம்தான்' என்று மனசு சொல்லும். பேங்க் பேலன்ஸை வைத்து மட்டும் அப்படிச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

பழைய நெல் வியாபாரிகள் மரக்காலில் அளக்கும்போது 'ஒண்ணு' என்று எண்ண ஆரம்பிக்க மாட்டார்கள். 'லாபம்' என்று சொல்லிவிட்டு, அடுத்து 'ரெண்டு, மூணு' என்று போவார்கள். கேட்க நன்றாக இருக்கும். கணக்குப் புத்தகத்தில் மட்டும் லாபம் கடைசி வரியில்தான் வரும்.

ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். கோவையில் ஒரு பெண், திருப்பூரிலிருந்து பிளெய்ன் டி-ஷர்ட் வாங்கி, பிரின்ட் போட்டு, இன்ஸ்டாகிராம் வழியாகவும் கல்லூரி, ஆபீஸ் ஆர்டர்களாகவும் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு உதவியாளர். விற்பனை எல்லாம் தமிழ்நாட்டுக்குள்தான், ஜி.எஸ்.டி பதிவு இல்லை. காசு வந்தால் வரவு, போனால் செலவு என்று எக்ஸெலில் எழுதி வருகிறார். நம்மில் பலர் செய்வது இதைத்தான்.

அவருடைய ஷீட்டில் இருப்பது இது: விற்பனையில் வந்தது 18,00,000 ரூபாய். டி-ஷர்ட், இங்க் வாங்கியது 10,60,000. வாடகை 1,10,000, சம்பளம் 1,65,000, கரன்ட் பில் 38,000, இன்ஷூரன்ஸ் 24,000, கூரியரும் விளம்பரமும் 93,000. கழித்தால் மிச்சம் 3,10,000 ரூபாய். மாசத்துக்குச் சுமார் 25,800. மாசம் 20,000 எடுத்தும் மீதி இருக்கிறதே என்று அவர் நிம்மதியாக இருக்கிறார்.

அந்த நிம்மதி சரியா என்று பார்க்கத்தான் சரிக்கட்டுப் பதிவுகள். பிளஸ் டூ-வில் காமர்ஸ் குரூப் எடுத்தவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் பரீட்சை ஹால் ஞாபகம் வரலாம். பயப்பட ஒன்றுமில்லை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான வருஷத்துக்கு உரிய வரவும் செலவும் மட்டும் அந்த வருஷத்தில் நிற்க வேண்டும். மற்றவற்றை எடுத்து அதனதன் வருஷத்தில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை: பேங்க் ஸ்டேட்மென்ட்டும் உங்கள் புத்தகமும் ரூபாய் சுத்தமாக ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அங்கேயே இடித்தால் மேலே போய்ப் பிரயோஜனமில்லை.

அலமாரியிலிருந்து ஆரம்பியுங்கள்

சின்ன பிசினஸில் லாபத்தை அதிகமாக ஆட்டிவைப்பது சரக்குதான். வாங்கிய சரக்கு எல்லாம் இந்த வருஷச் செலவு கிடையாது. விற்றுப்போன சரக்கு மட்டும்தான் செலவு. அதனால் மார்ச் 31 இரவு கடையை மூடிய பிறகோ, ஏப்ரல் 1 காலையில் முதல் ஆர்டர் போவதற்கு முன்போ, கையால் தொட்டு எண்ணிவிடுங்கள். குத்துமதிப்பு வேண்டாம். ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று தனித்தனியாக எண்ணி, வாங்கின விலையைப் போட்டுப் பெருக்குங்கள். விற்கும் விலையைப் போடக் கூடாது. இன்னும் விற்காத பொருளுக்கு லாபம் எழுதுவது, முட்டையை வைத்துக்கொண்டு கோழிக்கு விலை பேசுவது மாதிரி.

இதிலும் ஒரு விதி உண்டு. வாங்கின விலை, இப்போது விற்றால் கிடைக்கும் தொகை, இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுக்க வேண்டும். நம் டி-ஷர்ட் கடையில் எண்ணியபோது 1,60,000 ரூபாய்ச் சரக்கு இருந்தது. அதில் 20,000 ரூபாய்க்கு, முடிந்துபோன ஒரு கிரிக்கெட் சீசனின் பிரின்ட். இப்போது தள்ளிவிட்டால் 8,000 கிடைக்கும். ஆக, இறுதிச் சரக்கிருப்பு 1,60,000 இல்லை, 1,48,000. 'அடுத்த சீசனில் போயிடும்' என்று மனசு அடித்துக்கொள்ளும். போனால் அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம்.

வருஷத் தொடக்கத்தில் சரக்கு 2,10,000 இருந்தது. அதோடு வாங்கிய 10,60,000-ஐக் கூட்டி, 1,48,000-ஐக் கழித்தால், விற்ற சரக்கின் அடக்கம் 11,22,000 ரூபாய். எக்ஸெலில் இருந்ததைவிட 62,000 கூடுதல். பழைய சரக்கைத்தான் இவ்வளவு நாள் விற்றுச் சாப்பிட்டிருக்கிறார் என்பது இங்கேதான் தெரிகிறது.

வந்த காசு வருமானமில்லை, வராத காசு வருமானம்!

மார்ச் 20-ம் தேதி ஒரு கல்லூரி, ஏப்ரலில் நடக்கும் கல்ச்சுரல்ஸுக்காக 60,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பியது. எக்ஸெலில் அதுவும் விற்பனை. உண்மையில் அது கடன். டி-ஷர்ட் கொடுக்கும் வரை அந்தக் காசு கல்லூரியுடையது. ஆகவே விற்பனைக் கணக்கு பற்று 60,000. முன்கூட்டிப் பெற்ற வருமானக் கணக்கு வரவு 60,000. இதற்கு நேர் எதிர்: மார்ச் 28-ல் ஒரு ஆபீஸுக்கு 85,000 ரூபாய்க்கு டெலிவரி முடிந்தது. காசு இன்னும் வரவில்லை. ஆனாலும் அது இந்த வருஷ விற்பனை. கடனாளிகள் பற்று, விற்பனை வரவு. விற்பனை இப்போது 18,25,000 ரூபாய்.

இன்னொரு ஆள் பாக்கி இருக்கிறார். போன வருஷம் 15,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்தவர். போனை எடுப்பதில்லை, மெசேஜுக்கு ப்ளூ டிக் மட்டும் விழுகிறது. வராது என்று முடிவானால் அது வாராக்கடன். செலவாக எழுதிவிட வேண்டியதுதான். பத்திரமாகச் சொத்துப் பட்டியலில் வைத்திருப்பதால் அந்தக் காசு வரப்போவதில்லை.

செலவுப் பக்கம் சீக்கிரம் முடிந்துவிடும். மார்ச் மாத வாடகை 10,000 இன்னும் கொடுக்கவில்லை. உதவியாளரின் மார்ச் சம்பளம் 15,000 ரூபாய், ஏப்ரல் 5-ல்தான் போகும். நம்ம ஊரில் கரன்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. பிப்ரவரி, மார்ச் உபயோகத்துக்கான 7,000 ரூபாய் பில் ஏப்ரலில் வரும். மூன்றும் கொடுபட வேண்டிய செலவுகள். மொத்தம் 32,000. உதாரணத்துக்கு, 'வாடகைக் கணக்கு பற்று 10,000. கொடுபட வேண்டிய வாடகைக் கணக்கு வரவு 10,000.' டேலி வைத்திருந்தால் எஃப்7 தட்டினால் ஜர்னல் வவுச்சர் வரும், அதில் போடுங்கள். இன்ஷூரன்ஸ் இதற்குத் தலைகீழ். ஜனவரி 1-ல் ஒரு வருஷத்துக்கு 24,000 கட்டியிருக்கிறார். மார்ச் வரை மூன்று மாதத்துக்கு 6,000 மட்டும்தான் இந்த வருஷச் செலவு. மீதி 18,000 முன்கூட்டிச் செலுத்தியது, அது இப்போதைக்குச் சொத்து.

மெஷினும் தேயும்

ஜூனில் 2,00,000 ரூபாய்க்கு பிரின்டிங் மெஷின், டிசம்பரில் 50,000 ரூபாய்க்கு லேப்டாப். நல்லவேளை, இவற்றை அவர் செலவில் எழுதாமல் தனியாக வைத்திருந்தார். அதற்காக விலை அப்படியே நின்றுவிடாது. வருமான வரி விதிகளில் மெஷினுக்கு 15 சதவிகிதம், கம்ப்யூட்டருக்கு 40 சதவிகிதம் தேய்மானம். வாங்கிய வருஷத்தில் 180 நாள்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதிதான். மெஷினுக்கு 30,000, டிசம்பரில் வாங்கிய லேப்டாப்புக்கு 20 சதவிகிதம், அதாவது 10,000. காசு கையைவிட்டுப் போகாத செலவு என்பதால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அந்த மெஷின் படுத்து, புதுசு வாங்கும் நாளில்தான் ஞாபகம் வரும்.

இப்போது இலாப நட்டக் கணக்கு. விற்பனை 18,25,000-ல் சரக்கின் அடக்கம் 11,22,000 போக, மொத்த லாபம் 7,03,000. வாடகை 1,20,000, சம்பளம் 1,80,000, கரன்ட் 45,000, இன்ஷூரன்ஸ் 6,000, கூரியர், விளம்பரம் 93,000, வாராக்கடன் 15,000, தேய்மானம் 40,000. ஆக 4,99,000. நிகர லாபம் 2,04,000 ரூபாய்!

3,10,000 என்று நினைத்தது 2,04,000-ல் வந்து நிற்கிறது. மாசக் கணக்கில் 17,000 ரூபாய். உதவியாளரின் சம்பளத்தைவிட 2,000 ரூபாய்தான் அதிகம். ராத்திரி ரெண்டு மணிவரை டிசைன் போட்டதற்கும், கஸ்டமரிடம் திட்டு வாங்கியதற்கும் சேர்த்து!

வீட்டுக்கு எடுத்தது எங்கே போச்சு?

மாசம் 20,000 வீதம் வீட்டுக்கு எடுத்த 2,40,000 ரூபாயை மேலே எங்கேயும் காணோமே என்று கேட்பீர்கள். அது செலவே கிடையாது. அதற்கு 'எடுப்புகள்' என்று பெயர். ஓனர் தன் முதலிலிருந்து எடுத்துக்கொண்டது. சம்பாதித்தது 2,04,000, எடுத்தது 2,40,000. ஆக 36,000 ரூபாய் முதலையே சாப்பிட்டாச்சு. வருஷத் தொடக்கத்தில் முதல் 4,95,000, இப்போது 4,59,000. பேங்க் ஆப் இதைக் காட்டாது.

இருப்புநிலைக் குறிப்பு காட்டும். சொத்துகள்: கையிலும் பேங்கிலும் 90,000, வர வேண்டியது 85,000, சரக்கு 1,48,000, முன்கட்டிய இன்ஷூரன்ஸ் 18,000, மெஷின் 1,70,000, லேப்டாப் 40,000. கூட்டினால் 5,51,000. பொறுப்புகள்: கல்லூரி அட்வான்ஸ் 60,000, கொடுபட வேண்டியவை 32,000. இந்த 92,000-ஐக் கழித்தால் 4,59,000. முதலோடு டேலி ஆகிறது. ஒத்துப்போகவில்லை என்றால் எங்கேயோ ஒரு பக்கம் மட்டும் எழுதியிருக்கிறீர்கள். வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகையைத் தேடுங்கள். பற்றில் போட வேண்டியதை வரவில் போட்டிருந்தால் பெரும்பாலும் சிக்கிவிடும்.

அந்த 90,000-ஐ இன்னொரு தரம் பாருங்கள். எதிரில் 92,000 ரூபாய்க்குப் பொறுப்பு நிற்கிறது. அட்வான்ஸைக் காசாகத் திருப்ப வேண்டாம், டி-ஷர்ட்டாகக் கொடுத்தால் போதும் என்பது மட்டும்தான் ஆறுதல். ஆபீஸ்காரர்கள் 85,000-ஐ ஏப்ரலில் அனுப்பாவிட்டால் மூச்சு முட்டும். 'புது மெஷினுக்கு இ.எம்.ஐ போடலாமா?' என்ற கேள்விக்கு பதில் இந்தத் தாளில்தான் இருக்கிறது. லோனுக்குப் போனால் பேங்க்காரர்களும் முதலில் கேட்பது இதையும் வரிக் கணக்கையும்தான்.

'நான் சின்ன ஆள், விற்பனையில் 6 சதவிகிதம் லாபம்னு காட்டி வரிக் கணக்கை முடிச்சுடுவேன், எனக்கு எதுக்கு இதெல்லாம்?' என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், யு.பி.ஐ, பேங்க் வழியாக வரும் விற்பனைக்கு 6 சதவிகிதம், ரொக்கத்துக்கு 8 சதவிகிதம் என்று உத்தேச லாபம் காட்டும் வழி சட்டத்தில் இருக்கிறது. வரிக்கு அது சரி. ஒரு டி-ஷர்ட்டுக்கு 20 ரூபாய் விலை ஏற்றலாமா, வீட்டுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதை அது சொல்லாது. ஜி.எஸ்.டி பதிவு உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கஸ்டமரிடம் வசூலித்த வரி விற்பனையில் சேராது. அது அரசாங்கத்துக்குப் போக வேண்டிய காசு, பொறுப்புப் பக்கத்தில் இருக்கட்டும். உத்தேச வழியில் போகாதவர்கள், பதிவு பெற்ற குறு, சிறு தயாரிப்பாளர்களிடம் கடனுக்கு வாங்கியிருந்தால், அந்த பாக்கியைக் காலக்கெடுவுக்குள் கொடுத்துவிட வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள். தாண்டினால், காசு கொடுக்கும் வருஷத்தில்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும். திருப்பூரில் சரக்கு எடுப்பவர்கள் ஆடிட்டரிடம் இதைக் கண்டிப்பாகக் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, பலர் வழுக்கி விழுகிற இடம். ஏப்ரல் 5-ம் தேதி உதவியாளருக்கு 15,000 அனுப்புவீர்கள். கை தானாக 'சம்பளம்' என்று எழுதப் போகும். எழுதினால் ஒரே சம்பளம் இரண்டு வருஷத்திலும் செலவாகிவிடும். அன்றைக்குப் பற்று வைக்க வேண்டியது, மார்ச் 31-ல் நீங்கள் உருவாக்கிய 'கொடுபட வேண்டிய சம்பளம்' கணக்கை. வாடகைக்கும் கரன்ட் பில்லுக்கும் அப்படித்தான். கல்லூரிக்கு டி-ஷர்ட் போய்ச் சேரும் அன்று அந்த 60,000-ஐ விற்பனைக்கு மாற்றுங்கள். இன்ஷூரன்ஸில் மீதமுள்ள 18,000-ஐ ஏப்ரல் முதல் மாசம் 2,000 வீதம் டிசம்பர் வரை செலவில் எழுதிக்கொண்டே வாருங்கள்.