இயற்கணிதப் பின்னங்களின் கூட்டல்

தொகுதியிலும் பகுதியிலும் பல்லுறுப்புக் கோவைகள் அமைந்த பின்னமே இயற்கணிதப் பின்னம். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் பாடநூல் இதை ‘விகிதமுறு கோவை’ என்கிறது. பகுதிகள் வேறுபட்டால், அவற்றின் மீச்சிறு பொது மடங்கைக் (மீ.பொ.ம.) கண்டு, ஒவ்வொரு பின்னத்தையும் அந்தப் பகுதிக்கு மாற்றிய பிறகே தொகுதிகளைக் கூட்டலாம்.

ஓர் எடுத்துக்காட்டு: எண்ணூர் முகத்துவாரத்தில் கடலின் ஏற்றவற்றத்துக்கேற்ப நீரோட்டம் திசை மாறும். அங்கே மணிக்கு 2 கி.மீ. வேகத்தில் நீர் ஒரே பக்கம் ஓடுகிறது என்று கொள்வோம். அசையாத நீரில் மணிக்கு x கி.மீ. செல்லும் படகு 3 கி.மீ. எதிர்த்துப் போய், அதே வழியில் திரும்ப ஆகும் நேரம்:

3/(x−2) + 3/(x+2) = [3(x+2) + 3(x−2)]/(x²−4) = 6x/(x²−4)

போகையில் இழந்ததைத் திரும்புகையில் ஈடுகட்டிவிடலாம் என்று தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. x = 4 எனில் மொத்தம் 2 மணி நேரம்; அசையாத நீரிலோ ஒன்றரை மணிதான். x = 2 எனில் பகுதி பூச்சியமாகிவிடும்; படகு நின்ற இடத்திலேயே நிற்கும்.

மீ.பொ.ம.வைத் தேடாமல் பகுதிகளைப் பெருக்கினாலும் விடை தப்பாது, வேலைதான் கூடும். திண்ணைப் பள்ளி எண்சுவடியின் பின்னங்களே இதற்கு நல்ல சான்று. மாகாணி 1/16, மா 1/20. பகுதிகளைப் பெருக்கினால் 320. கூட்டுத்தொகை 36/320, அதாவது 36 முந்திரி. மீ.பொ.ம. 80, அதில் விடை 9/80, ஒன்பது காணி. இரண்டும் ஒரே அளவுதான்.

மீ.பொ.ம. காணும் முறையை 9ஆம் நூற்றாண்டில் மகாவீரர் ‘கணித சார சங்கிரகம்’ நூலில் ‘நிருத்தம்’ என்ற பெயரில் தந்தார்: பொதுக் காரணிகளையும் எஞ்சும் ஈவுகளையும் பெருக்க வேண்டும். 16, 20 என்ற எண்களுக்கு 4 × 4 × 5. இந்நூலை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் எம். ரங்காச்சார்யா ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, 1912இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது. கோவைகளுக்கும் மகாவீரர் தந்த அந்த முறையே வழி. முதலில் காரணிப்படுத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது கழித்தலில். கழிக்கும் தொகுதியை அடைப்புக்குள் எழுதாவிட்டால் குறி மாறிப்போகும். கூட்டி முடித்த பிறகு விடை சுருங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்:

1/(x−2) − 4/(x²−4) = (x+2−4)/[(x−2)(x+2)] = 1/(x+2)

சுருங்கிய வடிவில் x = 2 என இடத் தடையேதும் தெரியாது. ஆனால் மூலக் கோவைக்கு அந்த மதிப்பு கிடையாது. x ≠ 2, x ≠ −2 என்ற நிபந்தனையை விடையோடு சேர்த்தே எழுத வேண்டும்.