‘அசைவப் பால்’ விவகாரம்: வர்த்தகப் பேச்சில் மாட்டுத் தீவனம் இடம்பெறுவது ஏன்?

இந்தியா - அமெரிக்கா இடையே 2025-ஆம் ஆண்டு நடைபெற்ற வர்த்தகப் பேச்சுவார்த்தையில் எளிதில் தீர்வு காண முடியாத விவகாரங்களில் ஒன்றாகப் பால் இருந்தது. பாலின் தரமோ கொழுப்பின் அளவோ அதில் சிக்கல் அல்ல. பால் தந்த மாடு என்ன தின்றது என்பதே கேள்வி.

இந்தியாவுக்குப் பால் பொருள்களை ஏற்றுமதி செய்யும் நாடு ஒரு சான்றிதழ் அளிக்க வேண்டும். பால் தரும் விலங்குக்கு, அசைபோடும் விலங்குகளின் உள்ளுறுப்பு, திசு, இரத்தத் தூள் ஆகியவை கலந்த தீவனம் ஒருபோதும் அளிக்கப்படவில்லை என்று அதில் உறுதி கூற வேண்டும். இத்தகைய நிபந்தனைகள் 2003 முதல் நடைமுறையில் உள்ளன. அத்தீவனம் உண்ட மாட்டின் பாலுக்குத்தான் ஊடகங்கள் ‘அசைவப் பால்’ எனப் பெயரிட்டன.

இந்திய மாடுகளின் வழக்கமான உணவு வைக்கோல், தவிடு, பிண்ணாக்கு, பசும்புல். இறைச்சியும் முட்டையும் தொடாத குடும்பங்களும் பாலை விலக்குவதில்லை. அபிஷேகத்துக்கும் விளக்குக்கும் பாலும் நெய்யும் தேவை. மேலை நாடுகளிலோ, இறைச்சிக் கூடக் கழிவைப் புரதத் தீவனமாக்குவது நெடுங்கால வழக்கம். பிரிட்டனில் 1980-களில் பரவிய பைத்தியப் பசு நோய்க்குப் பிறகுதான் அதற்குக் கடிவாளம் விழுந்தது. பாலூட்டிகளின் புரதத்தை மாட்டுத் தீவனத்தில் சேர்க்க அமெரிக்கா 1997-இல் தடை விதித்தது. ஆனால், இரத்தப் பொருள்களுக்கும் பன்றி, குதிரைப் புரதத்துக்கும் அதில் விலக்கு உண்டு.

இந்திய நிபந்தனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்பது அமெரிக்காவின் வாதம். உணவுப் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளுக்கு அறிவியல் சான்று வேண்டும் என்பது உலக வர்த்தக அமைப்பின் விதி. ஹார்மோன் செலுத்திய மாட்டிறைச்சிக்கு ஐரோப்பா விதித்த தடை 1998-இல் அந்த அமைப்பில் தோற்றது இவ்விதியால்தான். தோற்ற பிறகும் ஐரோப்பா தடையை நீக்கவில்லை. அமெரிக்கா 1999-இல் பதிலடி வரி விதித்தது.

இந்தியாவோ நோய் அச்சத்தை முதன்மைக் காரணமாகக் கூறவில்லை. சமய, பண்பாட்டு உணர்வையே முன்வைக்கிறது. இதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. ‘பொது ஒழுக்கநெறி’யைக் காக்க வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தலாம் என்கிறது காட் உடன்படிக்கையின் 20-ஆவது பிரிவு. கடல்நாய்ப் பொருள்களுக்கு ஐரோப்பா விதித்த தடை குறித்த வழக்கில், 2014-இல் மேல்முறையீட்டு அமைப்பு இக்காரணத்தைக் கொள்கையளவில் ஏற்றது. ஆனால், தடையில் தரப்பட்ட விலக்குகள் பாரபட்சமாக நடைமுறைப்படுத்தப்பட்டதாகக் குறை கூறியது. இந்தியாவும் அந்த வாதத்தை எழுப்பினால், உள்நாட்டுப் பாலுக்கும் அதே அளவுகோல் உண்டா என்ற கேள்வி எழாமல் இராது.

அமெரிக்கப் பால் உற்பத்தியாளர்களின் புகார் ஒருமுறை பெரிய விலையும் கேட்டது. வளரும் நாடுகளுக்கான ஜி.எஸ்.பி. வரிச் சலுகையை இந்தியாவுக்கு மறுஆய்வு செய்ய 2018-இல் அமெரிக்கா முடிவெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். சான்றிதழ் நடைமுறையை எளிதாக்க இணங்கிய இந்தியா, தீவன நிபந்தனையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. 2019 ஜூன் 5-இல் அந்தச் சலுகை பறிபோனது.

சமய உணர்வு மட்டுமே தடை என்றால் சான்றிதழே போதும். ஆனால், அதற்கு அப்பால் வரிச் சுவரும் நிற்கிறது: பாலாடைக்கட்டிக்கு 30, வெண்ணெய்க்கு 40, பால் பவுடருக்கு 60 சதவீதம். உலகின் மிகப் பெரிய பால் உற்பத்தி நாடான இந்தியாவில் 2023-24-இல் சுமார் 23.9 கோடி டன் பால் கிடைத்தது. அதில் பெரும்பங்கு இரண்டு மூன்று மாடுகளை நம்பி வாழும் குடும்பங்களின் உழைப்பு. 2019 நவம்பரில் ஆர்.சி.இ.பி. ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியபோதும், நியூசிலாந்தின் மலிவான பால் பவுடர் குறித்த அச்சம் பலமாக ஒலித்தது.

ஆஸ்திரேலியாவுடன் 2022-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில் பால் பொருள்களுக்குச் சலுகை இல்லை. பிரிட்டனுடன் 2025 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தத்திலும் அதே நிலைதான். விஸ்கி மீதான 150 சதவீத வரியைப் பாதியாகவும், பத்தாண்டுகளில் 40 சதவீதமாகவும் குறைக்க இசைந்த இந்தியா, பிரிட்டனின் செடார் பாலாடைக்கட்டிக்குக் கதவைத் திறக்கவில்லை.