செராமிக் மின்தேக்கி: வகையறிந்து தேர்தல்

செராமிக் மின்தேக்கி என்பது பீங்கான் பொருளை மின்காப்பாகக் கொண்ட மின்தேக்கி. மெல்லிய பீங்கான் படலங்களையும் உலோக மின்முனைகளையும் மாறிமாறி அடுக்கிச் சுட்டெடுக்கும் பல்லடுக்கு வகையே இன்று பெரும்பாலான மின்னணுப் பலகைகளில் இருக்கிறது. ஒரே மதிப்புள்ள இரண்டு மின்தேக்கிகள் சுற்றில் வெவ்வேறாக நடந்துகொள்வதற்குப் பெரும்பாலும் உள்ளிருக்கும் பீங்கானே காரணம்.

அந்தப் பீங்கானை வைத்தே இவற்றை வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். முதல் வகுப்பில் பெயர் பெற்றது சி0ஜி (பழைய பெயர் என்பி0). மைனஸ் 55 முதல் 125 பாகை செல்சியஸ் வரை, பாகை ஒன்றுக்குப் பத்து லட்சத்தில் 30 பங்குக்கு மேல் இதன் மதிப்பு மாறாது. வெப்பம் 100 பாகை ஏறினாலும் மாற்றம் 0.3 சதவீதத்துக்குள் நிற்கும். மின்னழுத்தமோ வயதோ இதைப் பெரிதாக அசைப்பதில்லை. கிரிஸ்டலின் இருபுறமும் வைக்கும் 22 பிகோஃபாரட், ரேடியோ இசைவுச் சுற்று, வடிகட்டி, நேரக்கணிப்பு என மதிப்பு துல்லியமாக இருக்க வேண்டிய இடங்கள் இதற்குரியவை. மைக்ரோஃபாரட் கணக்கில் வேண்டுமென்றால் உருவமும் விலையும் ஏறிவிடும்.

இரண்டாம் வகுப்பின் அடிப்படை பேரியம் டைட்டனேட். சிறிய உருவில் பெரிய மதிப்பைத் தருவது இதன் பலம். மூன்றெழுத்துக் குறியில் முதல் எழுத்து கீழ் வெப்பநிலை, எண் மேல் வெப்பநிலை, கடைசி எழுத்து மதிப்பு மாறக்கூடிய அளவு. எக்ஸ்7ஆர் என்றால் மைனஸ் 55 முதல் 125 பாகை வரை 15 சதவீதம் கூடலாம், குறையலாம். எக்ஸ்5ஆர் வகைக்கு மேல் எல்லை 85 பாகை. ஒய்5வி வகை 82 சதவீதம் வரை குறையலாம்; புதிய வடிவமைப்பில் அதற்கு இடம் தர எந்த நியாயமும் இல்லை.

இந்தக் குறி வெப்பத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பலரும் சறுக்குவது மின்னழுத்தத்தில். நேர்மின்னழுத்தம் ஏற ஏற, படிகத்துக்குள் இருக்கும் மின்முனைவுகள் ஒரே திசையில் இறுகிப்போய் மதிப்பு சரிகிறது. 6.3 வோல்ட்டுக்கான 10 மைக்ரோஃபாரட் எக்ஸ்5ஆர், 1.0 க்கு 0.5 மில்லிமீட்டர் அளவில், 5 வோல்ட்டில் பாதிக்கும் மேல் இழக்கலாம். அதே மதிப்பைப் பெரிய உருவில் வாங்கினால் இழப்பு பொதுவாகக் குறையும். உருவத்தை மாற்றாமல் அதிக வோல்ட் வகையை வாங்குவது எப்போதும் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. தயாரிப்பாளர் தரும் மின்னழுத்த வரைபடத்தைப் பார்ப்பதே வழி.

எக்ஸ்7ஆர் மூப்படையவும் செய்யும். நேரம் பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் மதிப்பு ஓரிரு சதவீதம் குறையும். சுமார் 125 பாகைக்கு மேல் சூடாக்கினால் இந்தக் கணக்கு மறுபடி தொடங்கும். அதனால்தான் பற்றவைத்த கையோடு அளந்தால் மீட்டர் கூடுதலாகக் காட்டுகிறது.

அழுத்தமின் விளைவும் இந்த வகுப்புக்கு உண்டு. மாறும் மின்னழுத்தத்தில் பலகை ரீங்கரிக்கும். தட்டினால் ஒலிப்பெருக்கியில் சத்தம் கேட்கும். எனவே ஒலிச் சைகை செல்லும் பாதையில் சி0ஜி அல்லது பிலிம் வகை நல்லது. மின்வழங்கலை வடிகட்டும் இடத்தில் எக்ஸ்7ஆர் போதும். ஆனால் 1117 போன்ற பழைய மின்னழுத்த நிலைப்படுத்திகளின் வெளியீட்டில் செராமிக்கை மட்டும் வைத்தால், அதன் உள்தடை மிகக் குறைவு என்பதால் அலைவு எழலாம். அங்கே டான்டலம் கேட்பது வழக்கம்.

பலகை வளைந்தால் பல்லடுக்கு மின்தேக்கி விரிசல் கண்டு குறுக்குச்சுற்றாகலாம். திருகுத் துளைக்கும் வெட்டு விளிம்புக்கும் அருகில் வைக்கக்கூடாது. வீட்டு மின்சாரத்துக்கும் தரைக்கும் நடுவே பாதுகாப்புச் சான்று பெற்ற ஒய் வகுப்பு மட்டுமே வரலாம். உயர் வோல்ட் வட்டு மின்தேக்கி அதற்கு மாற்றாகாது.

சுருளிலிருந்து பிரித்த சிறு சில்லுகளில் பெரும்பாலும் எதுவும் எழுதியிருக்காது. நிறத்தை நம்பவும் முடியாது. மீட்டரில் மாட்டிவிட்டுச் சூடான சால்டரிங் அயர்னை அருகே கொண்டுவந்தால், சி0ஜியின் எண் ஏறக்குறைய அசையாது. இரண்டாம் வகுப்பின் எண் கண்ணெதிரே நகரும். அது எக்ஸ்7ஆரா எக்ஸ்5ஆரா என்று இந்தச் சோதனை சொல்லாது.